மண் முதலில் உள்ளே போகிறது

தச்சூர் கூட்டு ரோட்டுக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே, பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் முனையில் இருக்கிறது புதுவாயல். ஊரைப் பிளந்துகொண்டு போகும் சாலையைப் பெரியவர்கள் ஜி.என்.டி. ரோடு என்பார்கள், பலகையில் இப்போது தேசிய நெடுஞ்சாலை 16. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் இந்த முனையில் டீக்கடை ஓரமாக நிற்கும். அவற்றின் முன்கால்களைக் குனிந்து பார்ப்பது என் வழக்கம். பளபளப்பான உள்குழாய் அலுமினியக் காலுக்குள் நுழையும் இடத்தில் பல வண்டிகளில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக ஒரு வளையம் கட்டியிருக்கும். அதற்குக் கீழே எண்ணெய் வழிந்த தடம், தடத்தில் ஒட்டிய மண். கேட்டால், "முன்ஷாக்குல லேசா ஆயில் அடிக்குதுண்ணா, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார்கள்.

ஓடும். அதுதான் சிக்கல். கிளட்ச் வயர் அறுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்காலில் எண்ணெயை அடைத்து வைக்கும் ஃபோர்க் சீல் போன வண்டியோ மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நிற்க வைக்காத பழுது என்பதால் சம்பளத் தேதிக்குத் தள்ளப்பட்டு, பிறகு அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளப்பட்டு, பள்ளிக் கட்டணம், கோயில் செலவு எல்லாவற்றுக்கும் பின்னால் வரிசையில் நிற்கிறது. அந்த மாதங்களில் சாலையின் அடியை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

முன்காலுக்குள் முக்கியமாக இருப்பவை இரண்டு: நீளமான ஒரு சுருள்வில், கொஞ்சம் எண்ணெய். வில் அடியை வாங்கும். வாங்கியதை உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்கு வண்டி நாலு முறை குதிக்கும். குதிப்பை முடித்து வைப்பது எண்ணெய். சக்கரம் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்தண்டின் சிறு துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கியடித்துக்கொண்டு போயாக வேண்டும். அந்த நெருக்கத்தில் அசைவு சூடாக மாறிவிடுகிறது. 1840களில் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் மதுவடிசாலைக்காரர் மகனான ஜேம்ஸ் ஜூல், எடைக்கல்லை விழவிட்டு, அது சுழற்றும் துடுப்புகளால் தண்ணீரைக் கலக்கி, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். விழுந்த எடைக்கும் ஏறிய சூட்டுக்கும் கணக்கு ஒத்துப்போனது. வேகத்தடையில் இறங்கும் ஒவ்வொரு நூறு சிசி வண்டியும் அதே சோதனையைத்தான் செய்கிறது. விழும் எடை, வண்டியும் அதன்மேல் இருப்பவர்களும். கலக்கப்படுவது, காலுக்கு 150 மில்லியை ஒட்டிய எண்ணெய்.

மோட்டார் சைக்கிள் பிறந்தபோது இந்த ஏற்பாடு கிடையாது. வெளியே தெரியும்படி இரும்புச் சட்டங்களும் வில்லும் கொண்ட கர்டர் ஃபோர்க்தான் நெடுங்காலம் இருந்தது. குதிப்பை அடக்க அதில் உராய்வுத் தட்டுகள். ஓட்டுகிறவர் கையாலேயே திருகி இறுக்கிக்கொள்ள வேண்டும். குழாய்க்குள் குழாய் நுழைந்து எண்ணெயால் அடங்கும் தொலைநோக்கி வடிவ ஃபோர்க்கை வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ, 1935இல், ஆர்12 வண்டியில். போருக்குப் பிறகு உலகமே அதற்கு மாறியது. 1955இல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் அந்தத் தொழிற்சாலை புல்லட்டுகளை உருவாக்கத் தொடங்கியபோது, புதுவாயலுக்குத் தெற்கே இதே வடசென்னைக் கடலோரத்துத் தொழிலாளிகளின் கைகள் இந்த ஃபோர்க்கைப் பழகிவிட்டன. இன்று பட்டறை வைத்திருப்பவர்களில் பலருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களின் வாத்தியார்கள் புல்லட்டில் கைவைத்துக் கற்றவர்கள்.

எண்ணெயைக் காலுக்குள் வைப்பது என்று முடிவானதுமே, அதை வெளியே விடாமல் பிடித்து வைப்பது யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்யும் ரப்பர் வளையத்தின் முன்னோர் தோல். ஜெர்மனியின் வைன்ஹைமில் 1849இல் தொடங்கிய ஃப்ராய்டன்பர்க் ஒரு தோல் பதனிடும் நிறுவனம். 1929இன் பொருளாதார வீழ்ச்சியில் தோல் விற்காமல் தேங்கியபோது, மோட்டார் வாகனங்களுக்குத் தோலில் சீல் செய்ய ஆரம்பித்தது. வால்டர் சிம்மர் என்ற அதன் பொறியாளர் பெயரால் அந்த வளையத்துக்கு ஜெர்மனியில் 'சிம்மர்ரிங்' என்றே பெயர். 1936இல் தோல் போய், எண்ணெய்க்கு ஊறிக் கெடாத செயற்கை ரப்பர் வந்தது. நம் ஊரிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது. சைக்கிள் பம்புக்குள் இருந்த தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெருமுனையில் நின்ற இந்தியா மார்க் 2 கைப்பம்புக்குள்ளும் முதலில் தோல் வாஷர்தான் இருந்தது. நைட்ரைல் ரப்பர் பின்னால் வந்தது.

சீலைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கறுப்பு ரப்பர், உள்ளே ஓர் இரும்பு வளையம், பின்பக்கம் மெல்லிய ஒரு சுருள்கம்பி. முகத்தில் மூன்று எண்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். வேலை முழுவதும் அதன் உள்விளிம்பில் நடக்கிறது. பட்டறையில் 'லிப்' என்பார்கள். அந்த விளிம்பைச் சுருள்கம்பி குழாயின்மேல் அழுத்திப் பிடித்திருக்கும். ஆனாலும் அது குழாயை முற்றாகத் துடைத்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எண்ணெய்ப் படலத்தைக் குழாயின்மேல் விட்டுத்தான் ஆக வேண்டும்; அது இல்லாவிட்டால் ரப்பர் காய்ந்து, உரசி, சூடாகிக் கிழியும். நல்ல சீல் எண்ணெயை அடைக்கும்போதே கொஞ்சம் விட்டும் கொடுக்கிறது. மனிதர்கள் செய்த பொருள்களில் இவ்வளவு நுட்பமான விட்டுக்கொடுத்தல் வேறு எதிலும் இருக்கிறதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெரியபாளையம் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். வண்டிக்காரர் உருக்காலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர். பெஞ்சில் சாய்ந்ததுமே தூங்கிவிட்டார். மெக்கானிக்குக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் கட்டையைச் செருகி முன்சக்கரத்தைத் தூக்கியதும், அவர் சக்கரத்தைக் கழற்றுவார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, காலின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைத்தான் முதலில் லேசாக இளக்கினார்.

"இப்பவே இளக்கிடணும் சார். மேல ஸ்பிரிங் அழுத்திக்கினு இருக்கிறப்பதான் உள்ள இருக்குற ராடு சுத்தாம நிக்கும். எல்லாத்தையும் கழட்டிட்டு அப்பறமா திருவுனா போல்ட்டோட ராடும் சேர்ந்து சுத்தும். நாள் பூரா சுத்திக்கினே கெடக்கலாம்."

சக்கரம், மட்கார்டு, மீட்டர் கேபிள் எல்லாம் விலகிய பிறகு, குழாய்களை மேலே கவ்விப் பிடிக்கும் 'டீ'யின் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாயைத் திருகித் திருகிக் கீழே இழுத்தார். மேல்மூடியைக் கழற்றி வில்லை உருவிக்கொண்டு காலைக் கவிழ்த்தார். வந்தது எண்ணெய் மாதிரியே இல்லை. சாம்பல் நிறத்தில் கெட்டியாக, அழுகிய மீன் வாடையோடு ஒழுகியது. உலோகம் உலோகத்தில் தேய்ந்த தூள்தான் அந்தச் சாம்பல் நிறம். இன்னொரு காலில் எண்ணெய் பாதிகூட இல்லை. ஒரு பக்கம்தானே கசிகிறது, அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று தூக்கம் கலைந்த வண்டிக்காரர் கேட்டார். "ரெண்டு காலும் ஒரே மாதிரி நடக்கணும்ணே. ஒண்ணுல புது எண்ணெ, ஒண்ணுல இந்தக் கஞ்சி. எப்பிடி நடக்கும்?" என்றார் மெக்கானிக். வண்டிக்காரர் மறுக்கவில்லை.

மேலே புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீலை நெம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்கும் எண்ணெய் சீலுக்கும் இடையில் இருந்த சின்னப் பள்ளம் முழுக்க ஈரமண் அடைத்திருந்தது. எண்ணெய் சீலை இடத்தில் பிடித்து வைக்கும் லாக் கம்பி அந்த மண்ணில் துருப்பிடித்துப் புதைந்து கிடந்தது. மெக்கானிக் திருப்புளி முனையால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி என் உள்ளங்கையில் கொட்டினார். விரலால் தேய்த்தால் நறநறத்தது. "எண்ணெ வெளிய வர்றதத்தான் எல்லாரும் பாக்குறாங்க. எண்ணெ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மண்ணு உள்ள போயிருக்கும் சார். மண்ணுதான் மொதல்ல."

பிறகு செய்ததெல்லாம் பொறுமை தேவைப்படும் வேலை. பழைய சீலை நெம்பும்போது அலுமினிய விளிம்பில் கீறல் விழாமல் இருக்க மடித்த துணியை வைத்தார். கால்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். குழாயைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தார்; வளைந்திருந்தால் கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தைக் குழாயின் நீளத்துக்கும் ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. துருப்புள்ளி. இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து அந்த ஒரு புள்ளியை மட்டும் வட்டமாகத் தேய்த்து, மறுபடி நகம் வைத்தார். தட்டவில்லை. தட்டியிருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் அந்தப் புள்ளி ஒவ்வொரு பள்ளத்திலும் விளிம்பைக் கீறிக்கொண்டே இருக்கும். அதைச் சொல்லாமல் சீலை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவர் அப்படியில்லை.

புது சீலின் விளிம்பில் எண்ணெய் தடவி, குழாயின் கூரான முனையில் பாலித்தீன் காகிதத்தைச் சுற்றி, அதன்மேல் வழுக்கி இறக்கினார். பழைய சீலையே மேலே வைத்து, ஒரு குழாய்த் துண்டால் சுற்றிச்சுற்றிச் சமமாகத் தட்டினார். மந்தமாக வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று இறுகி ஒலித்ததும் கையை நிறுத்தினார். சீல் போய் உட்கார்ந்துவிட்டது. அடி போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். எண்ணெயை அளக்க அவர் வைத்திருந்தது குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டி. மில்லி கோடு சரியாக இருக்கிறதாம். ஊற்றியபின் குழாயை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். முதலில் வெற்றாக இறங்கிய குழாய், உள்ளே இருந்த காற்று வெளியேற வெளியேற எதிர்க்க ஆரம்பித்தது. எதிர்ப்பு ஒரே சீராக வந்ததும் அளவை இன்னொரு முறை பார்த்தார். எண்ணெய்க்கு மேலே மிஞ்சும் காற்றும் ஒரு வில்லாக வேலை செய்கிறது. எண்ணெய் கூடினால் அந்தக் காற்றுக்கு இடம் குறையும். பெரிய பள்ளத்தில் கால் கட்டையாக நின்று, சீலையே பிதுக்கித் தள்ளிவிடும். 'கொஞ்சம் கூடத்தான் ஊத்துங்களேன்' என்று சொல்லும் தாராளம் இங்கே செல்லாது. இன்ஜினுக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெயை ஊற்றும் வழக்கமும் அப்படித்தான். அது கெட்டி, நுரைக்கும், துளைகளுக்கு ஏற்றதில்லை.

புதுவாயல் பக்கம் இந்தப் பழுது மிகுதியாக வருவதற்குக் காரணங்கள் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும்; உப்புக்காற்று. தெற்கே வல்லூர் உள்ளிட்ட எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பல். உருக்காலைகளின் கரும்புழுதி, தார்ப்பாய் போடாமல் போகும் எம்-சாண்ட் லாரிகள், காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்களுக்கு ஓடும் கண்டெய்னர்கள் கிளப்பும் மண். எண்ணூரிலிருந்து தச்சூர் வழியாகப் பூஞ்சேரிவரை போகும் சென்னை எல்லைச் சாலைக்காக வெட்டிக் குவித்த மண் இன்னொரு பக்கம். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. ஊர்ச் சாலைகளில் இருப்பதோ ஒரு கூடை தாரைக் கொட்டிக் குவித்த மேடு. ஆடி மாதத்தில் பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டப் போகிறவர்கள் ஒரே வண்டியில் மூன்று பேர், மடியில் குழந்தை, முன்னால் பொங்கல் பாத்திரம் என்று இந்த மேடுகளைத் தாண்டுவார்கள். ஃபோர்க் அடிவரை போய் இடிக்கும் சத்தம் டீக்கடைவரை கேட்கும்.

குழாயின் பளபளப்பு ஹார்ட் குரோம். ஒரு தலைமயிரின் தடிமன்கூட இல்லாத பூச்சு. அதில் இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. எண்ணெய் அவற்றில் தங்கிச் சீலுக்கு உதவுகிறது. அதே வெடிப்புகள் வழியாகத்தான் உப்புநீரும் உள்ளே இறங்கி இரும்பைத் தொடுகிறது. மண் அடைத்த டஸ்ட் சீல் அந்த ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கிறது. சீல் நூறு இருநூறு ரூபாயில் முடியும் செலவு. புள்ளி ஆழமாகிக் குழாயே போனால் அதைப்போல் பல மடங்கு ஆகும். பணம் போகட்டும், அந்தக் குழாய்க்குப் பின்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது.

புதுவாயல் வழியாகப் போகும் இதே நெடுஞ்சாலை 16 ஆந்திரக் கடற்கரையைக் கடந்து, ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு கொல்கத்தாவுக்குப் போகிறது. ஜாஜ்பூரில்தான் சுகிந்தா பள்ளத்தாக்கு இருக்கிறது. குரோமுக்குத் தாதுவான குரோமைட்டின் இந்திய இருப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒடிசாவில், அதில் பெரும்பகுதி சுகிந்தாவில். சுரங்க நீர் இறங்கும் தம்சாலா ஓடையில் அறுமதிப்புக் குரோமியம் கலந்தது. உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பட்டியலில் சுகிந்தா இருந்தது. முந்தைய ஆண்டு, 2006 பட்டியலில் இருந்தது நம் ராணிப்பேட்டை. அங்கே தோல் பதனிடுவதற்கான குரோம் உப்புகளைச் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் 1995இல் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல், மழைதோறும் நிலத்தடி நீரில் இறங்கியபடி இருந்தது. குழாய்க்குக் குரோம் முலாம் பூசும் தொட்டியிலும் இருப்பது அதே அறுமதிப்புக் குரோமியம்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதென வகைப்படுத்திவிட்டது. காற்றோட்டம் இல்லாத பட்டறையில் அந்த ஆவியைச் சுவாசிக்கிறவருக்கு மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாவது நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் அறிந்தது.

ஒரு குழாயைச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழவைத்தால் சுகிந்தா சுத்தமாகிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நகத்தால் தடவி, ஒரே ஒரு புள்ளியை மட்டும் தேய்த்துக் குழாயைக் காப்பாற்றிய அந்த மெக்கானிக்கின் கை, யாரோ ஒருவர் அந்தத் தொட்டிமேல் குனிந்து நிற்க வேண்டிய தேவையை ஒரு முறையாவது குறைத்திருக்கிறது. அதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். அவர் வடித்த பழைய எண்ணெய்கூட ஒரு கேனில் சேர்ந்தது. சென்ட்ரிங் வேலைக்காரர்கள் வந்து வாங்கிப்போய், கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தகடுகளில் பூசுவார்களாம். சட்டப்படி அது அபாயக் கழிவு. பூசுகிறவர் கையில் உறை இருக்காது. இந்தக் கண்ணியை எங்கே அறுப்பது என்று பட்டறைக்காரரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

வண்டிக்காரரிடம் வருகிறேன். எண்ணெய் வடிந்துபோன ஃபோர்க்கில் அடி எங்கேயும் கரைந்துபோவதில்லை. ஹேண்டில்பார் வழியாக மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து என்று ஏறுகிறது. எண்ணெய் சூடாகி முடித்து வைத்திருக்க வேண்டியதைத் தசையும் மூட்டும் வாங்கிக்கொள்கின்றன. கசிந்த எண்ணெய் டிஸ்க்கிலோ பேடிலோ இறங்கினால் பிரேக்கும் கைவிடும்; அது வேறு ஆபத்து. கை, புயம் வழியாக ஏறும் அதிர்வை அளக்க ஐ.எஸ்.ஓ. 5349 என்ற தரநிலை இருக்கிறது. முழு உடலுக்கு 2631. வார்ப்பாலையில் கிரைண்டர் பிடிக்கிறவருக்காக இவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். எட்டு மணி நேரம் கிரைண்டர் பிடித்து மரத்துப்போன அதே கைதான் வெளியே வந்து சீல் போன வண்டியின் ஹேண்டிலைப் பிடிக்கிறது. கேட்டைத் தாண்டியதும் அளவீடு நின்றுவிடுகிறது, அதிர்வு நிற்பதில்லை. அன்று பெஞ்சில் தூங்கியவர் எழுந்ததும் முதலில் செய்தது, வலதுகை விரல்களை இடதுகையால் ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டதுதான். தினமும் செய்கிற வேலைபோல, அதைக் கவனிக்காமலே செய்தார்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். 1972 முதல் கொண்டாடப்படுகிறது. அன்று ஆலைகளில் உறுதிமொழி எடுப்பார்கள், பதாகை கட்டுவார்கள், ஹெல்மெட் பற்றிப் பேச ஒரு அதிகாரி வருவார். அந்த வாரத்தில் இந்தச் சாலையோரப் பட்டறைக்காரர்களில் ஒருவரை அழைத்து, கூலி கொடுத்து, வண்டி நிறுத்தும் கொட்டகையில் உட்கார வைக்கலாம். முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை இரண்டு முறை அழுத்திப் பார்க்கவும், டஸ்ட் சீலைத் தூக்கி மண்ணைத் துடைக்கவும் ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் போதும். மாற்ற வேண்டியவற்றின் சீல், எண்ணெய்ச் செலவை நிர்வாகம் ஏற்கட்டும். கையுறை வாங்கித் தருகிற கணக்கில் இதுவும் சேர வேண்டியதுதான். நிரந்தரத் தொழிலாளிகளோடு நிறுத்திவிடக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிகளின் வண்டிகள் பெரும்பாலும் கொட்டகைக்குள் நிற்பதில்லை; கேட்டுக்கு வெளியே, லாரிப் புழுதியில் நிற்கின்றன. அங்கிருந்து தொடங்கட்டும்.